எச்சில் விழுந்த எண்

1

என் இரத்தத்தில் விழுந்த எச்சில் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேல்வயிற்றில் ஏதோ பிசைகிற மாதிரி இருக்கிறது என்று போன இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. அமைலேஸ் என்ற செரிமான நொதி என் இரத்தத்தில் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது. அந்த நொதிக்கு வேலை குடலில். நாம் தின்கிற மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவது. இரத்தத்தில் அது வழிதவறி வந்ததுபோலக் கொஞ்சம் கிடக்கும். நிறைய இருந்தால், அதைச் சுரக்கிற கணையம் வீங்கிக் கசிகிறது, சாப்பாட்டைச் செரிக்க வேண்டியது தன்னையே செரிக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தமாகலாம். அந்த 'ஆகலாம்' என் காதில் விழவில்லை. பீரோ சாவி எங்கே இருக்கிறது, எந்தக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும், எதைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்றெல்லாம் வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பிறகு லேப்பிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், இன்னொரு தடவை ரத்தம் குடுத்துட்டுப் போயிடுங்க. பிரச்சினை ஒண்ணும் இல்ல."

"பிரச்சினை இல்லன்னா எதுக்கு மறுபடி?"

குரலைத் தாழ்த்தினாள். "எங்க பக்கம் யாராவது டியூப் மேல பேசியிருப்பாங்க சார்."

"டியூப் மேல பேசினா?"

"எச்சில்லயும் அதே அமைலேஸ்தான் இருக்கு. ரத்தத்துல இருக்கறதைவிடப் பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாம ஒரு துளி தெறிச்சாப் போதும், நம்பர் ஏறிடும்."

இரண்டாவது முறை எண் சரியாக இருந்தது. வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. யாரோ ஒருவருடைய பேச்சு என் நோயாக வந்து சேர்ந்து என்னைச் சாவிக்கொத்தோடு அலையவிட்டிருக்கிறது. அது என்ன பேச்சு? மூடி கழற்றிய டியூப்பின் மேல் குனிந்துகொண்டு, நிறுத்த முடியாமல், யாரிடம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன்.

2

தொடங்குவதற்குள் சில வரிகளை வீணடித்தேன். அவற்றை மறைக்கவில்லை.

வெளிச்சம் குறைந்த அடித்தளத்தில், சோகமே உருவாக அந்த ஆய்வகம்—

(இல்லை. வெளிச்சம் குறைந்தால் லேப்பில் வேலை ஓடாது. நான் பார்த்த லேப்பில் நிழல் விழ இடமில்லாத அளவுக்குக் குழல்விளக்குகள். சோகம் எதுவும் இல்லை. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் ஆடாமலிருக்க அதன் ஒரு காலுக்குக் கீழே மடித்துச் செருகிய அட்டை இருந்தது.)

அவளுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அதுதான்—

(இது தீர்ப்பு. கதை ஆரம்பிக்கும் முன்பே தீர்ப்பா?)

அவளுடைய முகக்கவசம் தாடைக்குக் கீழே இருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். பார்த்ததைச் சொல்கிறது, பழி சொல்லவில்லை.

அவளுடைய முகக்கவசம் தாடைக்குக் கீழே இருந்தது. கைபேசி காதுக்கும் தோளுக்கும் நடுவே இருந்தது. இரண்டு கையிலும் கையுறை. முன்னால் தட்டில் மூடி கழற்றிய டியூப்புகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று அவள் அண்ணனுடையது. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து இதே மருத்துவமனையில் மாடி வார்டில் படுத்திருக்கிறான். அந்த டியூப்பை மற்றவர் கையில் விடாமல், "எங்க அண்ணன் ரத்தம், நானே பாக்கறேன்" என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

லேப்பில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது அண்ணன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை இந்த மருத்துவமனை லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவன், நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து "வாயாடி" என்று கத்திக் கூப்பிட்டான். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

கைபேசியின் மறுமுனையில் அம்மா.

"அவங்க ஒழுங்கா சாப்பாடு போட்டிருந்தா அவன் ஏம்மா இப்படி வந்து படுக்கறான்? வேலைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு அண்ணிக்குக் காலுல சக்கரம். காலையில அவன் வெறும் வயித்தோட கிளம்பறான். நான் என் கண்ணால பாத்திருக்கேன்."

"மெதுவா பேசு. பக்கத்துல யாராவது இருக்கப் போறாங்க."

"இருக்கட்டும். கட்டினவனுக்கு ஒரு வாய் சோறு போட நேரமில்ல, என்ன பொம்பளை? நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. வயிறு எரியுதும்மா."

அண்ணனின் இரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். அண்ணி பற்றி மீதி இருந்ததையும் சொல்லி முடித்தாள். எண் வந்தது. சாதாரண அளவைப் போல நான்கு மடங்கு.*

"அம்மா, நான் அப்புறம் பேசறேன்" என்றாள். முதல் தடவையாக, அம்மா வைப்பதற்கு முன்னால் அவள் ஃபோனை வைத்தாள்.

* முதல் வரைவில் அது இரண்டு மடங்காக இருந்தது. இரண்டு மடங்கு எண்ணை மட்டும் பார்த்துக் கணைய அழற்சி என்று முடிவுகட்ட மாட்டார்கள். மூன்றைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும் என்று படித்தேன். அண்ணனைப் படுக்கையில் வைத்திருக்க வேண்டியிருந்ததால் நான்காக்கினேன். அந்த எண்ணில் அவள் எச்சில் விழுந்ததா என்று இனிமேல்தான் தெரிய வேண்டும். என்னுடையது விழுந்துவிட்டது.

3

வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். குடலில் வாயு நிறைந்திருந்ததால் அதற்குப் பின்னால் இருக்கிற கணையம் சரியாகத் தெரியவில்லை. தெரியாத படத்தையும் தெளிவான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டாக்டர் எண்ணைத்தான் நம்புவார். நீங்களும் நானும் அதையே செய்வோம். கணையத்துக்கு ஓய்வு தர வேண்டும், வலி நிற்கும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர்கூட இல்லை, நரம்பு வழியாக உப்புநீர் மட்டும் என்று டாக்டர் சொன்னார். கட்டிலுக்கு மேலே ஒரு அட்டையை மாட்டினார்கள்: வாய்வழி எதுவும் கூடாது.

வாயாடி ஒவ்வொரு இடைவேளையிலும் மாடிக்கு ஓடினாள்.

"எச்சில் முழுங்கலாமா?" என்று கேட்டான் அண்ணன்.

அந்தச் சொல் அப்போது அவளை ஒன்றும் செய்யவில்லை. "அதெல்லாம் முழுங்கலாம்."

"கேட்டு வெச்சுக்கறேன். அதுக்கும் ஒரு அட்டை மாட்டிடப் போறாங்க."

மறுநாள் அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தபோது மூச்சில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை வந்தது.

"என்ன, மோந்து பாக்கற?"

"கொழுப்பு எரியற வாசனை. நேத்து வரைக்கும் நீ ஈரல்ல சேத்து வெச்ச சர்க்கரையில ஓடினே. அது தீந்துபோச்சு. இப்போ உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்குது."

"எனக்கு ஏது கொழுப்பு? நம்ம வீட்டுக் கொழுப்பு மொத்தமும் உன் வாயிலதானே இருக்கு?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அண்ணன் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினான். "லிஃப்ட்லயும் இப்படித்தாங்க. கரண்டு போனா பேட்டரி. ஆனா பேட்டரி எதுக்குத் தெரியுமா? பக்கத்து மாடி வரைக்கும் போய்க் கதவைத் திறந்துவிடறதுக்கு. அதுலயே நாள் பூரா ஓட்ட முடியாது."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?" என்றார் அவர்.

"முதல்ல மிஷினைத் தொட மாட்டேன். கதவுகிட்ட நின்னு உள்ள இருக்கறவங்ககிட்ட பேசுவேன். என்ன ஊரு, என்ன வேலை, எத்தனை பசங்கன்னு எதையாவது. வெளிய ஒரு ஆளு பேசிட்டே இருந்தா உள்ள இருக்கறவன் பயப்பட மாட்டான். பேச்சு நின்னுச்சுன்னாதான் கதவை உதைக்க ஆரம்பிப்பான்."

சொல்லி முடித்ததும் வலி வந்தது. அவன் முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

(உடம்பு எரிபொருளை எரிப்பது பற்றி இங்கே நீளமாக எழுதியிருந்தேன். இரத்தச் சர்க்கரை, பிறகு ஈரலின் சேமிப்பு, பிறகு கொழுப்பு, கூடவே கொஞ்சம் தசை. மூளைக்குக் கொழுப்பை அப்படியே எரிக்கத் தெரியாததால் ஈரல் அதை வேறொன்றாக மாற்றித் தருவது. அந்த மாற்றத்தின் மிச்சம்தான் மூச்சில் பழ வாடையாக வருவது. வெட்டிவிட்டேன். ஒன்று மட்டும் விடமாட்டேன் என்கிறது. தமிழில் பொறாமையும் ஆற்றாமையும் வயிற்றில்தான் எரிகின்றன. அந்த நெருப்புக்கு எது எரிபொருள் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் பட்டினி கிடக்கிறவனுக்கு வயிறு எரிவதில்லை, அவனுக்குச் சோறு போடவில்லை என்று நினைக்கிறவளுக்குத்தான் எரிகிறது.)

4

எப்போது தெரிந்தது?

லேப்பில் மூத்தவர் ஒருவர் உண்டு. அவருக்குக் குரலே உயராது. நான்காம் நாள் வாயாடி எதையோ சொல்லிக்கொண்டே இன்னொருவர் டியூப்பைத் திறக்கப் போனபோது அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "மாஸ்க்கை ஏத்தும்மா. போன மாசம் ஒருத்தருக்கு அமைலேஸ் ஏறினது மறந்துபோச்சா?"

(அந்த ஒருத்தர் நான். இந்தக் கதையில் எனக்கு இதற்கு மேல் வேடம் கிடையாது.)

அவள் மாஸ்க்கை மேலே இழுத்தாள். இழுத்த கை மூக்கின் மேலேயே நின்றுவிட்டது. அண்ணன் டியூப் திறந்திருந்தபோது அது தாடையில் இருந்தது என்பது, இப்போது பார்ப்பதுபோல, அவளுக்குத் தெரிந்தது. "ஒரு வாய் சோறு" என்று அழுத்திச் சொன்னதும் தெரிந்தது.

அதன் பிறகு அவள் செய்தவற்றை நான் ஒரு லேப் நண்பரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். நல்ல லேப் ஆள் பயந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுவார் என்றார் அவர்.

குளிர்பெட்டியில் அண்ணனின் டியூப் மிச்சம் இருந்தது. யாரும் பார்க்காதபோது எடுத்து மறுபடி ஓட்டினாள். எண் இறங்கியிருந்தால், முதல் தடவை எங்கோ தவறு நேர்ந்தது என்று ஆகியிருக்கும். இறங்கவில்லை. அதே நான்கு மடங்கு. எச்சில் டியூப்பிலேயே விழுந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். உண்மையாகவே கணையம் கசிந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

அன்று மாலையே டாக்டர் புதிதாக இரத்தம் எடுக்கச் சொன்னார். அதை அவள் தொடவில்லை, மூத்தவர் பார்த்தார். எண் ஏறக்குறையச் சரியாகிவிட்டது.

டாக்டருக்குத் திருப்தி. "நல்லா இறங்குது" என்றார். அண்ணி கைகூப்பினாள். வாயாடி மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணையம் கசிந்து ஏறுகிற அமைலேஸ் சில நாளில் தானாக இறங்கிவிடும். முதலில் ஏறவே இல்லை என்றாலும் இப்போது சரியாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதவு.

ஆனால் வலி இறங்கவில்லை. வலி நிற்கும்வரை சாப்பாடு கிடையாது என்பதால் பட்டினியும் நிற்கவில்லை. அந்த எண் அவளுடைய எச்சில் என்றால், அண்ணனின் வலிக்கு வேறொரு சொந்தக்காரன் இருக்கிறான். இரைப்பைப் புண்ணோ, பித்தப்பையோ, வேறு எதுவோ. அவனை யாரும் தேடவில்லை. தேடுவதை நிறுத்த அவள் கொடுத்த எண் போதுமானதாக இருந்தது.

எண் உண்மை என்றால்? அவள் போய்க் குழப்பி, அதை நம்பிச் சாப்பாடு கொடுத்து, வீங்கிய கணையம் மேலும் வெந்துபோனால்?

தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. லைபேஸ் என்று இன்னொரு நொதி. கொழுப்பை வெட்டுவது. கணையம் கசிந்தால் அதுவும் இரத்தத்தில் ஏறும். எச்சிலில் அது கிட்டத்தட்டக் கிடையாது. ஆகவே அந்தப் பழைய டியூப்பில் லைபேஸ் பார்த்தால் போதும்: ஏறியிருந்தால் கணையம், ஏறாவிட்டால் வாயாடி. இந்த லேப்பில் அந்தச் சோதனை இல்லை. வெளியே அனுப்ப வேண்டும். அனுப்ப டாக்டர் எழுதித் தர வேண்டும். எண்தான் இறங்கிவிட்டதே, பழைய டியூப்பில் எதற்கு இன்னொரு சோதனை என்று அவர் கேட்பார்.

டியூப்புகளைச் சில நாள்தான் வைத்திருப்பார்கள். நாளைக் காலையில் அந்த வரிசை குப்பைக்குப் போகும்.

5

இங்கே எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. நாள் முழுக்கப் பேசுகிறவள். போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே?

வேலை போய்விடும் என்று பயந்தாள் என எழுதினேன். நம்பும்படி இருந்தது. ஆனால் படித்துப் பார்த்தபோது அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பயமாகத் தெரிந்தது. வாயாடி வேலை போய்விடும் என்று பயப்படுகிறவளாக இருந்தால் என்றைக்கோ மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டிருப்பாள்.

அவளுக்கு வேறு பயம். "பேசிட்டிருந்தேன்" என்றால் "யார்கிட்ட? என்ன?" என்று வரும். அண்ணனுக்கு அண்ணி சோறு போடுவதில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன், அந்தப் பேச்சு தெறித்துத்தான் அவனுக்கு இப்போது சோறே இல்லாமல் போய்விட்டது என்பதை, அதே அண்ணி எதிரே நிற்க, எந்த வாயால் சொல்வாள்?

(இந்த முரண் எனக்கே கொஞ்சம் அளவெடுத்துத் தைத்ததுபோலத் தெரிகிறது. அம்மாவிடம் சினிமா பற்றிப் பேசியிருக்கலாம், வாடகை பற்றிப் பேசியிருக்கலாம். ஆனால் மனிதர்கள் எப்போது மூச்சு விடாமல், எச்சில் தெறிக்கப் பேசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சினிமாவுக்கு அவ்வளவு தெறிக்காது.)

அவள் டாக்டர் அறைக்குப் போக லிஃப்டைத் தவிர்த்துப் படிக்கட்டில் இறங்கினாள். டாக்டர் அறைக்குப் போய்—

போய்ச் சொன்னாள் என்று எழுத முடியவில்லை. ஏனென்றால் படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

6

அண்ணி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். காகிதப் பையை மடியில் மறைத்துவைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே யார் எதைத் தின்றுவிட்டு வந்தார்கள் என்று மோப்பம் பிடிக்கிறான். அதனால் அவள் நாளுக்கு ஒருமுறை இங்கே வந்து அவசரமாகத் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போகிறாள்.

பிடிபட்டவள்போல நிமிர்ந்தாள். வாய் நிறைய ரொட்டி. பேச முடியவில்லை.

ஒருவேளை அதனால்தான் வாயாடியால் பேச முடிந்தது. எதிராளி குறுக்கே பேச முடியாத ஒரே நேரம் அது. இரண்டு படி மேலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்க், டியூப், எச்சில், எண். எண் தன்னுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பது. பழைய டியூப், லைபேஸ், நாளைக் காலை. வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னாள்.

அண்ணி மென்றாள். வெறும் ரொட்டியை அவ்வளவு நேரம் மென்றால் நாக்கில் இனிக்கும். எச்சில் அதைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்பு அப்போது அவளுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்க முடியாது.

விழுங்கினாள். பிறகு கேட்டாள்:

"என்னைப் பத்தித்தானே பேசிட்டிருந்த?"

வாயாடி படிக்கட்டைப் பார்த்தாள். "ஆமா அண்ணி."

"அத்தைகிட்டயா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"ஆரம்பத்துலேர்ந்து நம்பர் வர்ற வரைக்கும்."

அண்ணி பையை மடித்தாள். கையில் ஒட்டிய துகளைத் தட்டினாள். "அப்ப நிறையவே விழுந்திருக்கும்" என்றாள்.

(இந்த இடத்தில் அண்ணி அழுகிற ஒரு வரைவும், கன்னத்தில் அறைகிற ஒரு வரைவும் இருந்தன. இரண்டிலும் அவளை நான்தான் ஆட்டினேன். இதை அவளே சொன்னாள்.)

"அண்ணி, நான்—"

"உன் மன்னிப்பை அப்புறம் வெச்சுக்கலாம். அதுக்கு லேப்புல கெடு கிடையாது. டியூப் எங்க இருக்கு?"

"குளிர்பெட்டியில."

"எப்ப எடுத்துக் குப்பையில போடுவாங்கன்னு சொன்ன?"

"நாளைக்குக் காலையில."

"எந்திரிச்சு நட." உட்கார்ந்திருந்தவள் அண்ணிதான், அவள்தான் எழுந்தாள். வாயாடியின் முழங்கைக்கு மேலே பிடித்து, படியில் இறக்கிக்கொண்டு போனாள். பிடி வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் பிடித்திருக்க வேண்டும்.

டாக்டர் அறை வாசலில் நின்று சொன்னாள்: "நீ பேசு. எங்கயாவது நிறுத்தினா நான் பேசுவேன். நான் பேசினா உனக்குப் பிடிக்காது."

7

டாக்டர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டியூப் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும் லைபேஸ் எழுதினார். இன்னொரு தாளை இழுத்து, வயிற்றுக்கு இன்னும் தெளிவான ஸ்கேன் ஒன்றும், மேல்வயிற்று வலி இதயத்திலிருந்தும் வரலாம் என்பதால் இதயப் பரிசோதனையும் எழுதினார். எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் நின்றது. தான் தேடுவதை நிறுத்திய இடங்கள் அவை என்று வாயாடிக்குத் தோன்றியது.

"முடிவு வர்ற வரைக்கும் சாப்பாடு இப்படியேதான். புரியுதா? இப்போ எனக்கு எதுவும் தெரியாது."

"புரியுது டாக்டர்."

"உங்க லேப்ல நான் பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்க டாக்டர்."

பழைய டியூப் பனிக்கட்டிப் பெட்டியில் வெளி லேப்புக்குப் போனது. இந்தத் தடவை அதை மூத்தவர் மூடினார், அவள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். ஸ்கேனுக்கு அழைத்துப் போக ஆள் வரும் என்றார்கள். லைபேஸ் முடிவை வார்டு மேசைக்குத் தொலைபேசியில் சொல்வார்கள் என்றார்கள்.

இனி முடிவு. எழுதினேன், ஒன்றல்ல.

லைபேஸ் சரியாக இருக்கிறது, எண் எச்சில்தான், ஸ்கேனில் இரைப்பைப் புண் நேரத்தோடு தெரிந்துவிடுகிறது, அட்டையைக் கழற்றுகிறார்கள், அவளை வேலையிலிருந்து—

லைபேஸும் ஏறியிருக்கிறது. கணையம்தான். அவள் எச்சில் விழவே இல்லை. எண் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் அவள் அண்ணியிடம் சொன்னது வீணா என்றால்—

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் லிஃப்டில் அண்ணனின் மூச்சு—

(அதை எழுதிய அன்று எழுந்து போய்ப் பல் தேய்த்தேன். அப்படியெல்லாம் எழுதக் கூடாது.)

ஒவ்வொன்றையும் எழுதும்போது உதடு அசைவதைக் கவனித்தேன். நான் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுகிறவன். எனக்கு எந்த முடிவு வேண்டுமோ அந்தப் பக்கம் எண் ஏறிவிடுகிறது. நல்லவளாகிவிட்ட அண்ணிக்குப் பரிசு கொடுக்க ஒரு எண். வாயாடிக்குப் பாடம் கற்பிக்க ஒரு எண். அண்ணனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே தொலைபேசி வரை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கேன் ஆளுக்காகக் காத்திருந்தார்கள். அண்ணி ஒரு பக்கம், வாயாடி ஒரு பக்கம். நடுவில் அண்ணன், அட்டைக்குக் கீழே. இதுவரை அவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. வாயாடி மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிப் போட்டிருந்தாள். வார்டில் அதற்கு அவசியம் இல்லை. உட்கார்ந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். மறுபடி அவளை.

"எனக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல" என்றாள் அண்ணி.

"அப்புறம் இவ ஏன் பேச மாட்டேங்கறா?"

வார்டு மேசையில் தொலைபேசி அடித்தது. நர்ஸ் இன்னொரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "வரேன், வரேன்" என்று அதைப் பார்த்துச் சொன்னாள்.

அண்ணன் கையை நீட்டித் தங்கையின் மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டான். அவன் விரல் குளிர்ந்திருந்தது.

"பேசுடி" என்றான். "எதையாவது பேசு. நீ சும்மா இருந்தா பயமா இருக்கு."

அவள் அண்ணியைப் பார்த்தாள். பேசு என்பதுபோல அண்ணி தலையை ஆட்டினாள்.

இனி அந்தத் தொலைபேசியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். நான் என் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொள்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்ததை அதில் சேர்க்காதீர்கள். அவசரமில்லை. அடிக்கட்டும். உள்ளே மாட்டியிருக்கிறவனோடு வெளியே ஒரு ஆள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"போன வாரம் எங்க லேப்புல என்ன நடந்துச்சு தெரியுமாண்ணா," என்கிறாள் வாயாடி, "ஒருத்தி ஃபோன்ல வாய் ஓயாம பேசிட்டே—"